பறந்துவிட்டு வந்தோம்

ஹைதராபாத் ஐ.டி. நண்பர்கள் நீண்ட வார இறுதியில் பறந்துவிட்டு வருவதை நான் மனதார ஆதரிக்கிறேன். விமானத்தில் டெல்லி, அங்கிருந்து இரவுப் பேருந்தில் இமாச்சலத்தின் பீர் கிராமம். 2015இல் பாராகிளைடிங் உலகக் கோப்பை நடந்த இடம், சும்மாவா? விடிந்ததும் ஜீப்பில் 14 கிலோமீட்டர் மேலேறி, சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் பில்லிங்கிலிருந்து ஓடிப் பாய்ந்து, காலையில் டீ குடித்த பீருக்கே வந்து இறங்குகிறார்கள். கிளம்பிய இடத்துக்கே திரும்ப இவ்வளவு செலவழிக்கும் திறமை எல்லோருக்கும் வராது.

காற்றைக் கணிப்பது, கயிற்றை இழுப்பது, பத்திரமாக இறக்குவது எல்லாம் பின்னால் தொங்கும் பைலட். முன்னால் தொங்குபவரின் பொறுப்பு செல்ஃபி குச்சி. இறங்கியதும் "நான் பறந்தேன்" என்று ஸ்டேட்டஸ் போடுவதும் அவரே. டீம் லீடர்களுக்கு இந்த விளையாட்டு உடனே பிடிபட்டுவிடுகிறது.

உள்ளூரில் குன்றே இல்லையா என்று கேட்பவர்கள் விவரமில்லாதவர்கள். 250 கோடி வயதுப் பாறைகள் இங்கே வாடகை தராமல் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. அவற்றைக் காக்க 1996இல் ஒரு சங்கம்கூட ஆரம்பித்தார்கள், பாவம். நாம் வெடி வைத்துத் தகர்த்து, நாற்பது மாடி எழுப்பி, நன்றி மறவாமல் 'ஹில்ஸ்' என்று பெயரும் வைத்தோம்.

அப்படியொரு 'ஹில்ஸ்'வாசி, தன் முப்பத்தெட்டாம் மாடி பால்கனியில் காற்று பில்லிங்கைத் தோற்கடிக்கும் என்றார். அங்கிருந்தே பறக்கலாமே என்றேன்.

"எங்கே சார், அசோசியேஷன்ல துணி காயப்போடவே பர்மிஷன் இல்ல."