பதினாறாம் நம்பர் ஊசி

பெங்களூரில் இருக்கும் மகளுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்க ஆசை வந்திருக்கிறது. குவில்டிங் என்கிறாள். "அப்பா, அதுக்கு எந்த மெஷின் வாங்கலாம்?" என்று அவள் போனில் கேட்டதும், மங்கலம்பேட்டை வீட்டு நடையில் ஜன்னலோரம் நின்ற கறுப்பு உஷா மெஷினின் எண்ணெய் வாசனை எனக்கு மூக்கருகே வந்துவிட்டது.

விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில், தீபாவளியோ நோன்புப் பெருநாளோ நெருங்கினால் டெய்லர் கடைகளில் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகச் சேரும். கேட்டால் காசு வாங்காமல் கொடுப்பார்கள். நான் சாக்கில் அள்ளிவந்து நடையில் கொட்டினால் ஜாக்கெட் பிட்டு, பாவாடை ஓரம், பள்ளிக்கூடச் சட்டையின் மீதி, சீட்டி, பாப்ளின் என்று தெருவே அங்கே கிடக்கும். எந்தத் துண்டு யார் வீட்டுச் சட்டை என்று நான் சொல்லச் சொல்ல, அம்மா சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சாண் சதுரமாக வெட்டி அடுக்குவார். மேலே அந்தச் சதுரங்கள், நடுவில் அப்பாவின் பழைய வேட்டி இரண்டு மடிப்பு, அடியில் நைந்த சுங்குடிப் புடவை. மூன்றையும் விரித்து நூலோட்டம் போட்டபிறகுதான் மெஷினுக்கு வரும்.

அப்போது என் வேலை தொடங்கும். போர்வையைப் பாய்போல் இரண்டு பக்கமும் சுருட்டி, ஒரு சுருளை மெஷினின் கைக்கு அடியில் நுழைத்து, "நடுவுலேர்ந்துதான் தைக்கணும்டா தம்பி, ஓரத்துல ஆரம்பிச்சா நடுவுல உப்பிக்கும்" என்று அம்மா மிதியை அழுத்துவார். எதிர்ப்பக்கம் நின்று சுருளைத் தாங்கி, அவர் கால் போகும் வேகத்துக்கு ஒரு நூல்கூட இழுக்காமல் நான் விட்டுக்கொடுக்க வேண்டும். இழுத்தால் ஊசி வளையும். அந்தச் சுருளின் கனம், காலடியில் தோல் பெல்ட்டின் சரசரப்பு, மத்தியான வெயில் படியில் ஏறி வருவது எல்லாம் சேர்ந்த அந்த ஒரு மணி நேரம் அம்மா முழுக்க எனக்கே எனக்கு. மார்கழிப் பனியில் அதைப் போர்த்திப் படுத்தால் யார் யார் சட்டையோ நெஞ்சின் மேல் கிடக்கும்.

பக்கத்து நெய்வேலியில் 1962-லேயே மின்சாரம் எடுக்கத் தொடங்கியிருந்தாலும் எங்கள் வீட்டுத் தையல் காலால்தான் ஓடியது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையேறி, முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, மாவட்டமே நாள்கணக்கில் இருட்டில் கிடந்தபோது, அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு வயதான அம்மா தெருவுக்கெல்லாம் கிழிந்த புடவைகளைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்ததும் அந்த மெஷினில்தான். யந்திரங்களை ஐயத்தோடு பார்த்த காந்தி 1924-இல் சிங்கர் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்ததும், தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் வைத்ததும் எதனால் என்பது எனக்கு அந்த விளக்கு வெளிச்சத்தில் விளங்கியது.

மகளுக்காகப் போன வாரம் ஒரு கடைக்குப் போனேன். வெள்ளை வெளேரென்று, ஒரு கையால் தூக்கும்படி ஐந்தாறு கிலோவில் ஒரு மெஷின்; திருகைத் திருப்பினால் இருபது சொச்சம் டிசைன். பூ வருகிறது, இலை வருகிறது. நானும் ஆசையாகத்தான் பார்த்தேன். பிறகு கையோடு கொண்டுபோயிருந்த போர்வைத் துண்டை, மூன்றடுக்கோடு, ஓட்டிக்காட்டச் சொன்னேன். மெஷின் மேசைமேல் நடுங்கியது, நாலு தையலுக்கு ஒன்று விட்டுப்போனது, அடியில் நூல் கொத்தாகச் சிக்கியது. "சார், இது மெல்லிசுத் துணிக்கு" என்றார் விற்பனையாளர், நேர்மையாக.

போர்வைக்குத் தேவை நேர்த்தையல் ஒன்றுதான். அது அடர்த்தியான துணியிலும் தவறாமல் விழ வேண்டும். தலை கனமாக, ஆடாமல் நிற்க வேண்டும். ஊசிக்கும் தூணுக்கும் நடுவிலுள்ள இடம்தான் பெரிய விஷயம். சாதாரண வீட்டு மெஷினில் அது ஒரு சாண்கூட வராது, குவில்டிங்குக்கென்றே செய்பவற்றில் 9 முதல் 11 அங்குலம் வரை இருக்கும், சுருள் தாராளமாக நுழையும். வளைவாகத் தைக்க விரும்பினால், துணியை நகர்த்தும் அடிப்பல்லை இறக்கும் வசதி வேண்டும். மேல்துணியையும் அடித்துணியையும் ஒன்றாக நகர்த்த 'வாக்கிங் ஃபுட்' என்ற தனிக் கால் கிடைக்கிறது. எதிர்ப்பக்கம் நின்று நான் செய்த வேலையில் பாதியை அது செய்துவிடும். பெட்டியில் எழுதியிருக்கும் டிசைன் எண்ணிக்கையைப் பார்த்து யாரும் வாங்க வேண்டாம்.

கடையிலிருந்து நேரே ஊருக்குப் போனேன். சாக்கு போர்த்திக் கிடந்த அம்மாவின் மெஷினில் பிசினாக இறுகியிருந்த பழைய எண்ணெயை மண்ணெண்ணெய் விட்டுக் கரைத்து, துடைத்து, புது எண்ணெய் ஊற்றி, பெல்ட் மாற்றி, 16-ஆம் நம்பர் ஊசி மாட்டினேன். மூன்றடுக்குத் துணியில் ஒரு தையலும் விடாமல் ஓடியது. காலால் மிதிக்க மகளுக்கு நேரமிருக்காது என்று பக்கவாட்டில் சின்ன மோட்டார் பொருத்தச் சொல்லியிருக்கிறேன். மிதியையும் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொங்கலுக்கு வருகிறாள். சுருளைப் பிடிக்க நான் இருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலோ கொல்லைப்புறத்திலோ இப்படி ஒன்று துருவேறிக் கிடக்கலாம். பழைய இரும்புக்காரர் குரல் கேட்டதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாலு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு தடவை சுற்றிப் பாருங்கள்.