பாட்காஸ்ட் சிபாரிசுக்காரர்

பாட்காஸ்ட் சிபாரிசுக்காரர் நகரத்து ஜீவன். சென்னையானால் பழைய மகாபலிபுரம் சாலையிலும், பெங்களூரானால் சில்க் போர்டு நெரிசலிலும் தினமும் இரண்டு மணி நேரத்தைத் தொலைப்பவர். தொலைத்த நேரத்துக்கு ஈடாக ரோமாபுரி வரலாற்றைப் பெற்றவர். அவரை அடையாளம் காண்பது எளிது. ஒரு காதில் மட்டும் இயர்பட் இருக்கும். மற்றக் காது, "என்ன சார் கேக்குறீங்க?" என்று யாராவது விசாரித்தால் விழ வேண்டுமே என்று திறந்து வைக்கப்பட்டது.

யாரும் விசாரிப்பதில்லை என்பது அவருக்கு ஒரு தடையே அல்ல. தக்காளி விலையைப் பற்றிப் பேசினால் அதற்கொரு எபிசோடு வைத்திருப்பார். முழங்கால் வலி என்றால் அதற்கும் உண்டு. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், மரணத்தைப் பற்றிய நல்ல தொடர் ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தவர்களும் இந்த இனத்தில் இருக்கிறார்கள்.

இப்படி ஓர் இனம் தோன்றியதற்குக் காரணம் அந்த ஊடகத்திலேயே இருக்கிறது. பாட்காஸ்ட் தொடங்க யாருடைய அனுமதியும் வேண்டாம். ஒலிப்பதிவை எங்காவது ஏற்றி, அதன் முகவரியை, செயலிகள் புதுப் பதிவுகளைக் கண்டெடுக்கும் ஆர்எஸ்எஸ் ஓடை என்ற இணையப் பட்டியலில் சேர்த்துவிட்டால் போதும். 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸில் பாட்காஸ்ட்டுக்கு இடம் கொடுத்த பிறகு, மைக் வைத்திருந்தவரெல்லாம் தொகுப்பாளர் ஆகலாம் என்றாயிற்று. பத்திரிகைக்கு ஆசிரியர் உண்டு, சினிமாவுக்குத் தணிக்கை உண்டு. இதற்கு ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு, நாலு பக்கம் புரட்டிப் பார்த்து முடிவு செய்யவும் வழியில்லை. ஒரு மணி நேரம் ஓடுவது நன்றாக இருக்கிறதா என்று அறிய ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே முன்னாலேயே கேட்டுச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலைக்கு அழைக்காமலே வந்து சேர்ந்தவர்தான் இவர்.

பெரிய நிறுவனங்கள் தயாரிப்பவை இவருக்கு ஆகாது. யாரோ ஒருவர் தலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு தனியாகப் பதிவு செய்ததாக இருக்க வேண்டும். பின்னணியில் குக்கர் விசில் கேட்டால் இன்னும் விசேஷம். "எவ்வளவு அசலா இருக்கு பாருங்க" என்பார். அதே தொடர் புகழ் பெற்றுவிட்டால் மனம் கசந்துவிடும். 2014 அக்டோபரில் சாரா கேனிக்கின் 'சீரியல்' வந்து, பால்டிமோரில் நடந்த ஒரு பழைய கொலை வழக்கை ஊரெல்லாம் விவாதித்தபோது, பாட்காஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூடக் கேட்க வந்தார்கள். சிபாரிசுக்காரர் அதை இன்றுவரை ஒரு விபத்தாகவே கருதுகிறார். வடிவமைப்பைப் பற்றி ரோமன் மார்ஸ் 2010இல் தொடங்கிய '99 பர்சென்ட் இன்விசிபிள்' 2021இல் பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனது. இவர் பட்டியலிலிருந்து அன்றே அடித்துவிட்டார். நிகழ்ச்சி கெட்டுப்போனது என்று யாரும் சொல்லவில்லை. "முதல்ல சொன்னதே நான்தான்" என்பதற்கு ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

நீளம்தான் இவருடைய உண்மையான அளவுகோல். மைக் டங்கன் 2007 முதல் 2012 வரை நடத்திய ரோம் வரலாறு 179 எபிசோடு. டான் கார்லின் 'ஹார்ட்கோர் ஹிஸ்டரி'யில் முதல் உலகப் போரை ஆறே எபிசோடில் முடித்தார். ஆறும் சேர்ந்து 20 மணி நேரத்துக்கு மேல். இந்தியாவில் அமித் வர்மா 2017இல் ஆரம்பித்த 'தி சீன் அண்ட் தி அன்சீன்' முதலில் இருபது நிமிஷம்போல இருந்தது. வளர்ந்து வளர்ந்து, ஒரு விருந்தினரோடு பல மணி நேரம் என்றாகிவிட்டது. "பதினஞ்சு நிமிஷத்துல ஏதாவது சொல்லுங்களேன்" என்று கேட்பவரை இவர் பார்க்கும் பார்வை, கல்யாணப் பந்தியில் பாயசத்தை மட்டும் பார்சல் கேட்டவரைத் தலைமைச் சமையல்காரர் பார்க்கும் பார்வை.

இவ்வளவையும் இவர் முழுதாகக் கேட்டாரா என்பது ஆராய்ச்சிக்குரியது. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, போதாதென்று இடையில் வரும் மௌனங்களைத் தானாக வெட்டிவிடும் வசதியையும் போட்டிருப்பார். பிறகு, "அந்த மௌனத்தை எப்படிப் பயன்படுத்தியிருக்கார் தெரியுமா!" என்று வியப்பார்.

இவருடைய விமரிசனத்துக்குப் பழகிய காது வேண்டும். "மூணாவது எபிசோடுலேருந்து சூடு பிடிக்கும்" என்றால் முதல் இரண்டும் சகிக்காது. "ஒலி வடிவமைப்பு பிரமாதம்" என்றால் கதவு சாத்தும் சத்தம் வருகிறது. "பேசுற ரெண்டு பேருக்கும் நல்ல நட்பு" என்றால் முதல் இருபது நிமிஷம் அவர்களே பேசி அவர்களே சிரித்துக்கொள்வார்கள். நட்சத்திரம் ஐந்துக்குக் குறைந்து கொடுத்ததில்லை. எபிசோடு முடிவில் அவ்வளவு கெஞ்சுகிறார்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இணைப்பு அனுப்புவது காலைக் கடமை. பெறுகிறவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நேரில் அகப்படும்போதுதான் சங்கடம்.

"சித்தி, அனுப்பினேனே, கேட்டீங்களா?"

"கேட்டேன்டா. அந்தப் பையன் நல்லா பேசுறான்."

"அதுல பேசுறது ஒரு அம்மா, சித்தி."

"அதுக்கப்புறம் ஒரு பையன் வருவானே?"

"பையன் யாரும் வரலையே."

"அப்ப நீ முழுசா கேக்கலைபோல."

அன்றிரவு சிபாரிசுக்காரர் அந்த எபிசோடை முதன்முறையாகக் கடைசிவரை கேட்டிருக்கக்கூடும்.

ஆனாலும் இவரை ஒதுக்கிவிட முடியாது. தனி ஆளாக நிகழ்ச்சி செய்பவரிடம் விளம்பரத்துக்குப் பணமில்லை. செயலிகளின் தரவரிசையில் ஏற்கெனவே பெயர் பெற்றவர்களே மேலே நிற்கிறார்கள். எழுத்தைத் துழாவுவதுபோல் பேச்சைத் தேடுபொறிகள் எளிதில் துழாவுவதுமில்லை. போர்வைக்குள் உட்கார்ந்து பேசியவரின் குரல் வெளியே வர, வாய்மொழி ஒன்றே வழி. அந்த வாய் இவருடையது. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டபோது சந்தாக்களை ஒரு கோப்பாக இறக்கி வேறு செயலிக்கு மாற்றத் தெரிந்தவரும் வீட்டில் இவர் ஒருவர்தான். அந்த வாரம் மட்டும் சொந்தக்காரர்களிடையே இவருக்கு ஒரு மரியாதை இருந்தது.

இவரிடம் அகப்பட்டுக்கொண்டவர்கள் தொடரின் பெயரைக் கேட்க வேண்டாம்; ஒரே ஒரு எபிசோடை மட்டும் சொல்லச் சொல்லலாம். பத்துச் சொன்னால் இரண்டு நிச்சயம் நன்றாக இருக்கும், அதைச் செய்தவருக்கும் ஒரு நேயர் கூடுவார். கேட்காமலே "கேட்டேன், நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அடுத்து வருவது 179 எபிசோடு.