யாருக்க மொவன்லே நீ?

நாகர்கோவிலில் செட்டிகுளம், வடசேரி, மீனாட்சிபுரம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு டியூஷன் சென்டர் இருக்கும். அதற்கு ரெண்டு கடை தள்ளி ஜெராக்ஸ் மிஷின் ஒன்று ஓடும். மிஷினுக்குப் பின்னால் ஒரு திரை தொங்கும். திரைக்கு அந்தப் பக்கம் மூன்று டிவி, மூன்று பிளேஸ்டேஷன், ஒரு டேபிள் ஃபேன், ஒரு அண்ணாச்சி.

இந்த வகை அண்ணாச்சிகள் நாற்பதைத் தாண்டியவர்கள். ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தியவர்கள். செல்போனில் இன்டர்நெட் வந்து அந்தத் தொழிலை விழுங்கியபோது ஜெராக்ஸ், லேமினேஷன், பஸ் டிக்கெட் என்று நீந்திக் கரையேறியவர்கள். கேமை மட்டும் விடவில்லை. மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ஆடவிடுவார்கள். பழைய டிஸ்க்கை வாங்குவார்கள், விற்பார்கள், கெஞ்சினால் மாற்றியும் கொடுப்பார்கள்.

டிஸ்க் உறையின் கீழ்மூலையில், எந்த வயதிலிருந்து ஆடலாம் என்று சொல்லும் ஓர் எண் இருக்கும். பெகி என்று ஐரோப்பாவில் 2003இல் தொடங்கிய ஏற்பாடு அது. 3, 7 என்றால் பச்சை. 12, 16 என்றால் ஆரஞ்சு. 18 என்றால் சிவப்பு. அமெரிக்க உறையாக இருந்தால் எண்ணுக்குப் பதில் எழுத்து. அந்த ஊர் ஏற்பாடு 1994லேயே வந்துவிட்டது. நம் நாட்டில் சினிமாவுக்கு சென்சார் போர்டு உண்டு. வீடியோ கேம் டிஸ்க்கை வயது பார்த்து விற்கச் சொல்லும் சட்டம் கிடையாது. எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஒருவர் பீடி விற்றால் 2003ஆம் வருஷத்துப் புகையிலைச் சட்டப்படி குற்றம். அதே பையனுக்கு அண்ணாச்சி ‘வைஸ் சிட்டி’ டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தால் வியாபாரம்.

அந்த எண்ணை யாரும் வாசிக்கமுடியாமல் இல்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது இந்தக் குமரி மாவட்டம். வீட்டுக்கு ஒரு வாத்தியார் என்றுகூடச் சொல்லலாம். எல்லோரும் வாசிப்பார்கள், அவரவருக்குத் தோன்றியபடி. ஒரு அம்மா மகனின் பையிலிருந்து டிஸ்க்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பச்சைக் குறி போட்டிருப்பதால் சைவம்தான் என்று நிம்மதியாகத் திருப்பிவைத்தாராம். அண்ணாச்சி அதைத் திருத்தவில்லை, பிடித்துக்கொண்டார். இப்போதெல்லாம் பெற்றோர் வந்து விசாரித்தால், “கவலப்படாதீங்க அக்கா, ஒங்க பயலுக்கு நான் சைவம் மட்டும்தான் குடுக்கேன்” என்பார்.

அவருக்கென்று தனியாக ஒரு தரச்சான்று உண்டு. புதிதாக ஒரு பையன் திரையை விலக்கித் தலையை நீட்டினால் வயதைக் கேட்கமாட்டார்.

“யாருக்க மொவன்லே நீ?”

பையன் சொல்வான்.

“எந்த வீடு? வாய்க்காங்கரை வீடா? அப்போ ஒனக்க பாட்டா பால் சொசைட்டில இருந்தாருல்லா?”

இரண்டு நிமிஷத்தில் மூன்று தலைமுறை மேசைமேல் வந்துவிடும். வயது வருஷா வருஷம் மாறும், அப்பன் மாறமாட்டான், அதனால் அப்பனைக் கேட்பதுதான் முறை என்பது அவர் கட்சி. இதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்லமுடியவில்லை.

பையன் போலீஸ் ஏட்டு வீட்டுப்பிள்ளை என்றால் கிரிக்கெட் 07, ஃபிஃபா, அவ்வளவுதான். ‘ஜி.டி.ஏ.’யில் போலீஸ்காரன்மேல் காரை ஏற்றினால் திரையில் நட்சத்திரம் விழும். அதைப் பையன் வீட்டில் போய்ச் சொன்னால் அண்ணாச்சிக்கு வேறு ஏதாவது விழும். ‘காட் ஆஃப் வார்’ சபை போதகர் மகனுக்குக் கிடையாது. “அதுல நெறைய தெய்வம் வருது மக்களே.” கோயில் ஸ்ரீகாரியத்தின் மகனுக்கும் கிடையாது. “அதுல தெய்வத்தையெல்லாம் கொல்லுகான் மக்களே.” உறையில் சிவப்பாகப் பதினெட்டு போட்டிருப்பது பீறிட்டு அடிக்கும் ரத்தத்துக்காக. அந்த ரத்தம் அண்ணாச்சியின் பரிசீலனைக்கே வந்ததில்லை. கல்ஃப்காரர் மகன் என்றால் அப்பன் தூரத்தில், காசு கையில். பதினெட்டு தாராளமாகத் திறக்கும். ஆனால் தாய்மாமன் அடுத்த தெருவில் டயர் கடை வைத்திருப்பது தெரியவந்தால் அன்றைக்கே ஏழுக்கு இறங்கிவிடும்.

அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் என்று ஓர் அரசு அமைப்பு. அது 13 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளை ஒற்றர்களாகக் கடைகளுக்கு அனுப்பியது. பெரியவர் துணையில்லாமல் போய், 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கேமை அவர்கள் கேட்கவேண்டும். கடைக்காரர் கொடுக்கிறாரா என்று பார்த்தார்கள். 2000இல் போன பிள்ளைகளில் 85 சதவீதம் பேர் வாங்கிக்கொண்டு வந்தார்கள். 2013இல் வாங்க முடிந்தது 13 சதவீதம் பேரால்தான். பெரிய சாதனைதான், ஆனால் நாஞ்சில் நாட்டில் இந்த வேலை நடக்காது. எந்த ஊரிலிருந்து ஒற்றனைக் கொண்டுவருவீர்கள்? அவன் திரையை விலக்கியதுமே, “நீ வெட்டூர்ணிமடம் கணக்கு டீச்சருக்க மொவன்லா? சித்திக்குக் கல்யாணம் சரியாச்சா?” என்று கேட்டுவிடுவார். ஒற்றனுக்கு ஒரு நன்னாரி சர்பத் கிடைக்கும். அவன் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்திருக்கும். கமிஷன்காரர்களின் படிவத்தில் ‘விற்றார்’, ‘விற்கவில்லை’ என்று இரண்டு கட்டம் இருந்தால் போதாது. ‘வீட்டில் சொல்லிவிட்டார்’ என்று மூன்றாவதும் வேண்டும்.

பிரிட்டனில் 2012 முதல் இது சட்டமாகவே இருக்கிறது. 12, 16, 18 குறியிட்ட கேமை அந்த வயது நிரம்பாத பிள்ளைக்கு விற்றால் கடைக்காரர் ஜெயிலுக்குப் போகவும் நேரலாம். “நமக்கு அந்த ஊரு செரிப்படாது” என்று அண்ணாச்சி அந்தப் பேச்சை முடித்துவிடுவார். அவருக்குப் பிடித்தது கலிஃபோர்னியா கதை. வன்முறை கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக்கூடாது என்று 2005இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. கேமும் பேச்சுரிமைக்குள் அடக்கம் என்று சொல்லி 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அதைத் தள்ளியது. சட்டத்தைக் கொண்டுவந்தவர் லேலண்ட் யீ. 2014இல் அவரை எஃப்.பி.ஐ. பிடித்தது. லஞ்சமும் துப்பாக்கிக் கடத்தல் பேரமும் சேர்ந்த வழக்கு, குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2016இல் ஐந்து வருஷச் சிறைத்தண்டனை. “பாவம், சின்ன வயசுல அவருக்கு வெளையாடக் கெடைக்கல” என்பார் அண்ணாச்சி. “அதான் பெருசானதும் நேர்லயே எறங்கிட்டாரு.”

அவருக்கு உண்மையான போட்டி அடுத்த கடைக்காரர் இல்லை. பையன்கள் கையிலிருக்கும் போன்தான். போன் யாருக்க மொவன் என்று கேட்காது. பிறந்த தேதியைத்தான் கேட்கும், சொன்னதை நம்பியும் விடும். ஒரு பொடியன் 1956 நவம்பர் 1 என்று போட்டிருந்தான். குமரி தமிழ்நாட்டோடு இணைந்த நாள், உள்ளூர் விடுமுறை விடுவதால் மனசில் நின்ற தேதி. அந்தக் கணக்கில் அவன் அண்ணாச்சியைவிடப் பெரியவன்.

போன் கேம்களுக்குத் தடைகளும் வராமல் இல்லை. பப்ஜியை 2020 செப்டம்பரில் நிறுத்தினார்கள். ஃப்ரீ ஃபயரை 2022 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்று பேரில் ஒரு சொல் கூடுதலாக வைத்திருந்த அண்ணன்காரன் தப்பித்துக்கொண்டான். பப்ஜிக்குப் பதிலாக 2021இல் வந்த பி.ஜி.எம்.ஐ. கொஞ்சம் கண்டிப்பு காட்டியது. பதினெட்டுக்குக் கீழே என்றால் நாளுக்கு மூன்று மணி நேரம்தான், அதுவும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் போனுக்கு ஓ.டி.பி. போய்த் திரும்பிவரவேண்டும். செட்டிகுளத்துப் பையன்கள் கூடிப் பேசி யாருடைய நம்பரைக் கொடுத்தார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. காலையில் புட்டும் பயறும் பிசைந்துகொண்டிருக்கும்போதே அண்ணாச்சியின் போன் கிணுகிணுக்கும். பெறாத பிள்ளைகளின் ஓ.டி.பி. வரிசையாக வந்து விழும். உடனே கொடுத்துவிடமாட்டார். “ரெக்கார்டு நோட்டு எழுதியாச்சாலே?” என்று கேட்டு, நோட்டைப் படம் பிடித்து அனுப்பச்சொல்லிப் பார்த்த பிறகுதான் ஆறு எண்ணையும் வாய்விட்டுச் சொல்வார். ரம்மி, பந்தயம் என்று காசு வைத்து ஆடும் சங்கதியை எவனாவது எடுத்தால் திரையை இழுத்து மூடிவிடுவார். அதில் போதகர் மகன், கல்ஃப்காரர் மகன் என்ற பேதமே கிடையாது.

அவருக்கு வரும் ஒரே தர்மசங்கடம் அப்பாக்களால்தான். பிரவுசிங் சென்டர் காலத்தில் அவரிடம் ‘வைஸ் சிட்டி’ ஆடி வளர்ந்த கூட்டத்துக்கு இப்போது முப்பத்தைந்து வயது, பேங்கில் வேலை, ஆறாம் வகுப்பில் மகன். அப்படி ஒருவர் சாயங்காலம் வேகமாக வருவார். “அண்ணே, நம்ம பயல இதுக்குள்ள சேக்காதீங்க. படிப்பு போச்சு.” அண்ணாச்சி மறுபேச்சு பேசாமல் ஸ்டூலை இழுத்துப் போடுவார். அவர் உட்காருவார். மூலை டிவியில் ஓடுவதைப் பார்ப்பார். “இது புதுசாண்ணே? சும்மா ஒரு ரவுண்டு...” என்பார். டை அவிழும். ஒரு மணி நேரம் போகும்.

டியூஷன் விட்டதும் அந்த மகன் வந்து திரையில் கைவைப்பான். அண்ணாச்சி பாய்ந்து வாசலை அடைத்துக்கொண்டு, ஜெராக்ஸ் மிஷின்மேல் கிடந்த டிஸ்க் உறையை எடுத்துக் கீழ்மூலையில் விரலை வைத்துக் காட்டுவார்.

“வாசி.”

“பதினெட்டு.”

“அதுக்குக் கீழ உள்ளவங்க உள்ள வரப்பிடாது. சட்டமாக்கும்.”

“நேத்து இந்தச் சட்டம் இல்லியே அண்ணாச்சி?”

“இன்னைக்குச் சாயங்காலம்தான் வந்துது. வீட்டுக்குப் போ மக்களே. அம்மா கேட்டா இங்க யாரையும் பாக்கலைன்னு சொல்லு.”