கிளட்ச் லைன் மாற்ற உகந்த நாள்

முதலில் காரில் ஒரு குறை கண்டுபிடியுங்கள். 1989-இல் சிகாகோ ஆட்டோ ஷோவில் எட்டிப்பார்த்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 உங்களிடம் இருந்தால் ரொம்பத் தேட வேண்டாம். கியர்பாக்ஸ் ஓரமாக ஒரு ரப்பர் ஹோஸ் தொங்கும். கிளட்சை மிதித்தால் அது லேசாக உப்பும். மிதியில் ஒரு பங்கு ஹோஸை உப்ப வைப்பதிலேயே போய்விடும், மீதிதான் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டருக்கு.

இந்த அநியாயத்தை வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். யாரும் காதில் வாங்க மாட்டார்கள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, உள்ளே டெஃப்லான், வெளியே ஸ்டீல் பின்னல் போட்ட லைனை வாங்கிவிடுங்கள். "கிளட்ச்ல ஓடுற பிரேக் ஆயிலை மட்டும் மாத்தினாலே போதுமே" என்று எவராவது சொன்னால் அவரோடு பேச்சை நிறுத்துங்கள்.

(பிஎம்டபிள்யூக்காரர்கள் பாடு வேறு. கிளட்ச் மெதுவாகப் பிடிக்கட்டும் என்று பல மாடல்களில் கம்பெனியே லைனில் ஒரு வால்வை வைத்து அனுப்பியது. அதைப் பிடுங்கி எறிவது அவர்களுக்குத் திருவிழா.)

காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், இதில் விளையாட்டு கிடையாது.

அடுத்தது பழைய ஹோஸைப் பிடித்திருக்கும் 10 மி.மீ. நட்டு. பெட்டியில் கிடக்கும் சாதாரண ஸ்பேனரே போதும் என்று தோன்றும். அது பிடிப்பது இரண்டு பக்கத்தை, துரு பிடித்திருப்பது மொத்தத்தையும். ஒரே இழுப்பில் ஆறு மூலையும் மழுங்கிவிடும். இப்போது கடைக்குப் போய் ஃப்ளேர் நட் ஸ்பேனர் வாங்கி வாருங்கள். அது ஐந்து பக்கம் பிடிக்கும், பிடிக்க மூலைதான் மிச்சமிருக்காது. கடைசியில் வைஸ் கிரிப்பால் கழற்றுவீர்கள். வழியும் ஆயில் பெயின்டில் பட்டால் துணியால் தேய்க்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இல்லாவிட்டால் பெயின்ட் அடிப்பதும் இதே வேலையில் சேர்ந்துவிடும்.

புது லைனை மாட்டுவது பத்து நிமிடம். ஏர் எடுப்பதுதான் மீதி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு ஒரு மச்சினன் தேவை. அவன் சீட்டில், நீங்கள் அடியில்.

"மிதி!"

மிதிப்பான். ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளைத் திறப்பீர்கள். ட்யூபில் குமிழி குமிழியாக வரும்.

"அப்படியே பிடி!"

பெடல் சட்டென்று மேலே வரும், வெளியே வந்த காற்று முழுக்க உள்ளே திரும்பும்.

"எதுக்குடா விட்டே?"

"விடுன்னுதான் கேட்டுச்சு மாமா."

இருபது தடவை இப்படி. பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டால் காலை அடியில் விட்டுத் தூக்கச் சொல்லுங்கள். நடுவே மேலே உள்ள ஆயில் டப்பா காலியா என்று பாருங்கள். காலியாகத்தான் இருக்கும். மறுபடி முதலிலிருந்து.

இருட்டும் நேரத்தில் பெடல் இறுகும். ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், கிளட்ச் சொன்ன இடத்தில் பிடிக்கும். சொர்க்கம். பக்கத்தில் இருக்கும் மச்சினன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

திரும்பி வந்தால், வடித்த பழைய ஆயில் பாட்டிலில் டிகாக்‌ஷன் மாதிரிக் கறுப்பாக நிற்கும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்தால் அது 155-க்கே வந்துவிடும் என்பது தர அளவு. இது எத்தனை வருடம் குடித்ததோ. பெடல் இறுகியது லைனாலா, புது ஆயிலாலா என்று அவன் கேட்பதற்குள் பாட்டிலை ஒளித்துவிடுங்கள்.