இடது இருக்கைக்கு ஆள் தேவை

அமெரிக்க விமான நிறுவனங்களில் விமானிக்குத் திறமையைவிடப் பெரிய தகுதி ஒன்று உண்டு: வேலையில் சேர்ந்த தேதி. எந்த விமானம், எந்த ஊர், கிறிஸ்துமஸுக்கு வீடா வானமா, எல்லாம் சீனியாரிட்டி எண்ணின் கருணை. ஒரே நாளில் பலர் சேர்ந்தால்? சில நிறுவனங்களில் வயதில் மூத்தவர் முன்னால். சிலவற்றில் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி இலக்கங்கள் தலையெழுத்தை எழுதும்.

இருபது வருஷம் கேப்டனாகப் பறந்தவர் நிறுவனம் மாறினால் முதலாண்டுச் சம்பளத்தில் கடைசி ஆள். போன மாதம் சேர்ந்த பையன் அவருக்குச் சீனியர்.

2005-இல் அமெரிக்கா வெஸ்ட், யுஎஸ் ஏர்வேஸ் என்ற இரு விமான நிறுவனங்கள் இணைந்தன. இரண்டு சீனியாரிட்டிப் பட்டியல்களையும் கோத்து 2007-இல் நடுவர் தீர்ப்புச் சொன்னார். யுஎஸ் ஏர்வேஸின் பதினேழு வருஷ சர்வீஸ்காரர் சிலர், அமெரிக்கா வெஸ்ட்டின் சில மாத சர்வீஸ்காரருக்குப் பக்கத்தில் போய் விழுந்தார்கள். யுஎஸ் ஏர்வேஸ் தரப்பினர் மறு வருஷமே தொழிற்சங்கத்தையே மாற்றினார்கள், வக்கீல்கள் செழித்தார்கள். ஒரே சின்னம் தாங்கிய விமானங்களில் கிழக்கு விமானிகளும் (பழைய யுஎஸ் ஏர்வேஸ்) மேற்கு விமானிகளும் (பழைய அமெரிக்கா வெஸ்ட்) பல ஆண்டுகள் தனித்தனியாகவே பறந்தார்கள். இதற்குள் நிறுவனமே அமெரிக்கன் ஏர்லைன்ஸில் கரைந்துவிட்டது; பொதுப் பட்டியல் முடிவானது 2016-இல்.

இவ்வளவு சண்டை போட்டுப் பிடிக்க வேண்டிய இடது இருக்கைக்கு, அதாவது கேப்டன் நாற்காலிக்கு, 2023-இல் யுனைட்டெட் ஏர்லைன்ஸ் ஆள் தேடியது. கூவி அழைத்தும் ஏறக்குறையப் பாதி இடங்கள் காலி! காரணம், புதுக் கேப்டன் மறுபடி கேப்டன்கள் வரிசையின் வாலில் நிற்க வேண்டும். லீவு நாளில் அழைப்பு வருமோ என்று போனையே பார்த்திருக்க வேண்டும். சீனியர் துணை விமானியோ பிடித்த பயணங்களைப் பொறுக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிடுகிறார். அதே ஆண்டு யுனைட்டெட் 40 சதவீதம் வரை சம்பள உயர்வுக்கு ஒப்புக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அது ஈடாகுமா என்பதை வீட்டுக்காரம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.