ஈயப் படையின் மறுபிறவி

1983இல் இங்கிலாந்தில் வார்ஹாமர் என்ற பொம்மைப் போர் விளையாட்டு வெளிவந்தபோது கைக்காசு சேர்த்து ஈயப் பொம்மை வாங்கிய பையன்களுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. பிள்ளைகள் வேலைக்குப் போனதும் பரணிலிருந்து ஓர்க்குகள் என்னும் அந்தப் பூதப் பொம்மைகள் இறங்குகின்றன.

முதலில் மங்கள ஸ்நானம். அன்று அப்பிய பெயின்ட்டைக் கழற்ற டெட்டாலில் ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள். வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவியறியாத கை, ஒரு பூதத்தின் அக்குளை அரைமணி நேரம் தேய்க்கிறது.

அடுத்து அடிப்பூச்சு, நிழலுக்கு நீர்த்த வண்ணம், மேடுகளுக்கு உலர்ந்த தூரிகை. 28 மி.மீ. உயரப் பூதத்துக்குக் கருவிழி வைக்கப் பூதக்கண்ணாடி. ஒன்றை முடிப்பதற்குள் இணைய ஏலத்தில் பத்து வாங்கியாகிவிடும். வண்ணம் காணாத அந்தக் குவியலை அவர்களே செல்லமாக ‘ஈயமலை’ என்கிறார்கள்.

சிறுவயதில் ஒரே சாயங்காலத்தில் ஒரு படைக்கே வண்ணமடித்து, மறுநாளே போருக்கு அனுப்பியவர்கள்தான். இன்று ஒரு வீரனுக்கு ஒரு மாதம். முடிந்தவுடன் கண்ணாடி அலமாரி. விளையாடினால் பெயின்ட் உதிர்ந்துவிடுமாம். வல்லரசுகள் எத்தனையோ மாநாடு கூட்டியும் கைகூடாத போர்நிறுத்தத்தை நல்ல பெயின்ட் வேலை சாதித்துவிட்டது.