அடியையும் சித்த பாரு அம்மிணி

ஏனம்மிணி, நீ சுட்ட பிஸ்கோத்தைப் படம் புடிச்சு ஊரு பூராத் தாட்டி உட்டியாமா? மேலாப்புல பாத்தா தங்க நெறம். ஒறம்பரை அத்தன பேரும் கை தட்டியிருக்கறாங்க. அவங்களுக்கென்ன, திங்கற பாவம் அவங்களுக்கு இல்லியே! திருப்பிப் போட்டுப் பாத்தவன் இந்த அப்புச்சி ஒருத்தன்தான். சொரண்டுன கரியை வீசாதீங்க, ரெண்டு மாசத்துக்குப் பல்லு வெளக்க ஆகும்னு உன்ற அமுச்சி டப்பாவுல போட்டு வெச்சிருக்கறா.

போன்ல பிஸ்கோத்து சுடச் சொல்லித் தர்ற அந்தம்மா 350 வெக்கச் சொல்லுச்சு. உன்ற ஓவன்ல திருகு 250-க்கு மேல போகாது. நீ என்ன பண்ணுனே? மட்டமான பொட்டியை வாங்கியாந்துட்டாருன்னு உங்கப்பனை வைஞ்சுபோட்டு, திருகு நிக்கற மட்டும் திருகி உட்டுட்டே. அந்தம்மா சொன்னது அமெரிக்காக் கணக்கு, ஃபாரன்ஹீட்டு. உன்ற பொட்டியில இருக்கறது செல்சியஸ். போன மாசம் எனக்கு 100 டிகிரி காய்ச்சல்னு நர்ஸம்மா சொன்னப்ப நீயும் பக்கத்துலதான நின்னே? உன்ற பொட்டிக் கணக்குல 100-ன்னா நா கொதிச்சு ஆவியாப் போயிருக்கோணுமே, அப்பவாவது ரோசனை வந்துச்சா? 350-ல 32-ஐக் கழி, 5-ஆல பெருக்கு, 9-ஆல வகு. 177 வரும். இஞ்சினீயருக்குப் படிச்ச புள்ளைக்கு அஞ்சாங்கிளாஸோட நின்னவன் சொல்லித் தரவேண்டியிருக்குது.

அந்த 177-கூட உன்ற குட்டிப் பொட்டிக்கு எச்சுத்தான். 160-ல ஆரம்பி. திருகுல போட்டிருக்கற நெம்பரை நம்பாதே. உள்ள நெசமா இருக்கற சூடு 10, 20 டிகிரி முன்னப்பின்ன இருக்கும். ஓவனுக்குள்ள வெக்கற தெர்மாமீட்டர் கடையில கெடைக்குது. உங்கப்பனுக்குச் செலவுதான், வெக்கட்டும்.

பொட்டியைப் போட்டதும் சூடு ஏறற வரைக்கும் கீழ்க்கம்பி செவசெவன்னு நிக்கும். அந்நேரம் பாத்துத் தட்டை உள்ள தள்ளுனா மேல வேகறதுக்கு முந்தியே அடி தீஞ்சு போகும். 10, 15 நிமிசம் காலியா ஓட உடு, பொறவு நடுக்காடியில வையி. வெச்சுப்போட்டு, நொடிக்கொருக்காக் கதவைத் தொறந்து எட்டிப் பாக்காதே. சூடு வெளிய ஓடும்; அதை ஈடு கட்ட அந்தக் கம்பி மறுக்காவும் செவக்கும். கண்ணாடிக் கதவு எதுக்கு வெச்சிருக்கறான், நீ தலை சீவிக்கறதுக்கா?

அந்தக் கருப்புத் தட்டு பொட்டி கூட ஓசியில வந்ததுதானே? கருப்பு சூட்டை எச்சா இழுக்கும். வெளுத்த அலுமினியத் தட்டாக் கொஞ்சம் கனமாப் பாத்து வாங்கு. அது வர்ற வரைக்கும் ரெண்டு தட்டை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வையி. நடுவுல நிக்கற காத்து சூட்டை வெசையா மேல உடாது. தட்டுல வெண்ணெயை அப்பாதே, அடி பொரிஞ்சு போகும், காகிதம் போடு. பட்டர் பேப்பர்னு குடுக்கறதுல மெழுகு பூசுனதும் இருக்குது, அது புகையும். பேக்கிங் பேப்பர்னு கேட்டு வாங்கு.

ஒடம்புக்கு நல்லதுன்னு வெள்ளைச் சக்கரையை எடுத்துப்போட்டு நாட்டுச் சக்கரை போட்டியாமா, அதை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். கவுந்தப்பாடிச் சக்கரையில பழனி பஞ்சாமிர்தமே ஆகுது, உன்ற பிஸ்கோத்து ஆகாதா? ஆனா நாட்டுச் சக்கரையில குளுக்கோஸும் பழச்சக்கரையும் கலந்து கெடக்கும். அதுக வெள்ளைச் சக்கரைக்கு முந்தியே நெறம் மாறும். 12 நிமிசம்னு போன்ல சொன்னா நீ 9-லயே கண்ணாடிகிட்டப் போயி நில்லு.

ஆலை போட்டுக் கருப்பஞ்சாறு காச்சுன கையி இது. பதம் நெருங்கையிலயே அடுப்புக்குச் சக்கை தள்ளறதை நிறுத்திப் போடுவோம். மிச்சத்தைக் கொப்பரைச் சூடே பாத்துக்கும். பதம் வந்த பொறவு தீயை நிறுத்துனவன் கருப்பு வெல்லத்தைத் தூக்கிட்டுச் சந்தை சந்தையாத் திரிஞ்சான். பிஸ்கோத்தும் அப்புடித்தான். ஓரம் செவந்து நடுவு கொழகொழன்னு இருக்கையிலயே வெளிய எடு. வேகலியேன்னு பதறாதே, வெளிய வந்த பொறவும் தட்டுச் சூட்டுல வெந்துட்டேதான் இருக்கும். 2, 3 நிமிசத்துல கம்பி வலைக்கு மாத்திரு. நீ தட்டோட உட்டுப்போட்டுப் படம் புடிக்கப் போனே பாரு, கரி புடிச்சதே அங்கதான்! ரெண்டாவது ஈடு வெக்கறதுக்கு முந்தித் தட்டை ஆற வையி. சூட்டுத் தட்டுல மாவை வெச்சா வெண்ணெய் உருகி ஓடி, ஓரமெல்லாம் தகடாயித் தீஞ்சு போகும்.

உங்க சித்தி ஊட்டுல பொட்டியே இல்ல. குக்கர்ல ரெண்டு வெரக்கட கல்லுப்பைக் கொட்டி, வெயிட்டையும் ரப்பரையும் கழட்டிப்போட்டு, முக்காலி மேல தட்டை வெச்சுச் சிறுதீயில சுடறா. அடி கருகறதில்ல. அவ படம் புடிச்சு ஆருக்கும் அனுப்பறதுமில்ல.

இத்தனையும் சொன்னதுக்குக் கூலி வேணும் அம்மிணி. அடுத்த ஈட்டுல ரெண்டு பிஸ்கோத்து எனக்குன்னு எடுத்து வையி. டாக்டரு சக்கரையைத் தொடவே கூடாதுன்னு சொல்லியிருக்கறாரு, அதனால உங்கம்மா தூங்குன பொறவு கொண்டா.